பகடை விழறதுக்கு முன்னாடியே சதவீதம் சொல்ல முடியுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேக்கமன் ஆட்டத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், கடைசியில "கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்து ஜெயிக்கிற வாய்ப்பைக் கணக்கு போடுவாங்க"ன்னு ஒரு வரி போட்டு நிறுத்திட்டேன். வந்த கடிதம் முக்காவாசி அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான். இந்த தடவை முழுக்க அதுக்கே. போன இதழ் படிக்காதவங்களுக்கு சுருக்கமா: 24 வீடு, ஆளுக்கு 15 காய், 2 பகடை, ரெண்டு பேரும் எதிரெதிர் திசையில ஓடணும், தனியா நிக்கிற காயை வெட்டலாம், எல்லா காயையும் முதல்ல வெளிய எடுத்தவங்க ஜெயிச்சாங்க, தாயத்துல பழம் எடுக்கிற மாதிரிதான். எதிராளி ஒரு காயைக்கூட எடுக்கலைன்னா அது கேமன், 2 பாயிண்ட். இது போக பக்கத்துல டபுளிங் க்யூப்னு ஒண்ணு இருக்கும், 2, 4, 8ன்னு எழுதின ஒரு கட்டை, அதைத் திருப்பி வச்சா ஆட்டத்தோட மதிப்பு ரெட்டிப்பாகும், எதிராளி ஒண்ணு ஏத்துக்கணும், இல்லைன்னா இருக்கிற பாயிண்ட்டைக் குடுத்துட்டு அந்த ஆட்டத்தை விட்டுடணும்.

அக்கா, 7 பாயிண்ட் மேட்ச்ல (முதல்ல 7 எடுத்தவங்க ஜெயிச்சாங்க) நான் 4, எதிராளி 2. பைத்தான்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஒரு லட்சம் மேட்ச் ஓட்டினேன், எனக்கு 77 சதவீதம்னு வருது. ஆனா எந்த ஸ்கோர்ல மேட்ச் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஆடறவங்க வச்சிருக்கிற டேபிள்ல 66னு போட்டிருக்கு. என் கோட்ல எங்க தப்பு? — கல்லூரி மாணவர், கோவை

தம்பி, கோட்ல தப்பே இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நீங்க அனுப்பின நாலு பக்கத்தையும் வரி வரியா படிச்சேன். நீங்க கேட்ட கேள்விதான் வேற. நாணயம் சுண்டற மாதிரி ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி, ஒவ்வொண்ணுக்கும் 1 பாயிண்ட், உங்களுக்கு இன்னும் 3 வேணும் அவருக்கு 5 வேணும்னு வச்சிருக்கீங்க. அதுக்கு லட்சம் தடவை ஓட்டவே வேண்டாம், பேப்பர்லயே வந்துடும்: அதிகபட்சம் 7 ஆட்டம், அதுல அவர் குறைஞ்சது 5 ஜெயிக்கணும், மொத்தம் 128 விதத்துல 29 விதம்தான் அவருக்கு சாதகம், அதாவது 22.7 சதவீதம், மிச்சம் 77.3 உங்களுக்கு. உங்க புரோகிராம் அதையே சரியா சொல்லிடுச்சு, அதுவே உங்க கோடுக்கு ஒரு நல்ல சோதனை.

இப்ப கேமனைச் சேருங்க. யார் ஜெயிச்சாலும் அந்த ஜெயிப்புல நாலுல ஒண்ணு கேமன், 2 பாயிண்ட்னு வச்சுக்கோங்க (சுமாரா அந்தப் பக்கம்தான் இருக்கும்). நான் கையால கணக்கு போட்டுப் பார்த்தேன், 77 இறங்கி 73க்கு வந்துடுது. பின்னாடி இருக்கிறவருக்கு ஒரே ஆட்டத்துல ரெண்டு படி ஏற வழி கிடைச்சா முன்னாடி இருக்கிறவரோட முன்னிலை கொஞ்சம் கரையும், அவ்வளவுதான் விஷயம். அப்புறம் க்யூபைச் சேருங்க, 73லேர்ந்து 66. க்யூப் ரெண்டு பேருக்கும் பொதுதானே அது ஏன் பின்னாடி இருக்கிறவருக்கு மட்டும் உதவணும்னு நீங்க கேப்பீங்க. க்யூப் 4ல இருக்கிறப்ப நீங்க ஜெயிச்சா உங்களுக்கு வேண்டியது 3தான், ஒரு பாயிண்ட் வீண். அவர் ஜெயிச்சா 4ம் அப்படியே அவருக்கு உபயோகம், 2லேர்ந்து நேரா 6க்கு போயிடுவார். அதனால அவர் தைரியமா டபுள் பண்ணலாம், நீங்க ஒவ்வொரு தடவையும் யோசிச்சுதான் பண்ணணும். ஆக 77, 73, 66 மூணுமே சரியான விடைதான், மூணும் வேற வேற ஆட்டத்தோட விடை.

அந்த டேபிள் எப்படி வருதுன்னும் கேட்டிருந்தீங்க. கடைசியிலேர்ந்து முன்னாடி வரணும். 6க்கு 5ன்னு வச்சுக்கோங்க, முன்னாடி இருக்கிறவருக்கு ஒண்ணே ஒண்ணு வேணும், இன்னொருத்தருக்கு ரெண்டு. ஒருத்தர் ஜெயிக்க ஒரு பாயிண்ட் பாக்கிங்கிற நிலைக்கு முதல் தடவை வந்ததும் அடுத்த ஒரு ஆட்டத்துக்கு க்யூப் கிடையாது, இது க்ராஃபோர்ட் விதி, ஜான் க்ராஃபோர்ட்னு ஒரு ஆட்டக்காரர் பேர்ல. இல்லைன்னா பின்னாடி இருக்கிறவர் முதல் பகடையிலயே டபுள் பண்ணிடுவார், அவருக்கு இழக்க ஒண்ணுமில்லையே. இப்ப 100 மேட்ச்ல பின்னாடி இருக்கிறவர் இந்த ஆட்டத்தை 50ல தோப்பார், முடிஞ்சது. ஜெயிக்கிற 50ல பன்னெண்டரை கேமன், நேரா மேட்ச். மிச்சம் முப்பத்தேழரைல 6க்கு 6ன்னு வரும், அதுல பாதி. கூட்டினா 31 சொச்சம். டேபிள்ல 30லேர்ந்து 32 வரைக்கும் எந்த டேபிள் பார்க்கிறீங்களோ அதைப் பொறுத்து இருக்கும். 6க்கு 4னா என்ன ஆகும்னு பாருங்க, பின்னாடி இருக்கிறவருக்கு 3 வேணும்: ஒத்தை ஜெயிப்பு ஜெயிச்சா 5 ஆகும், அடுத்த ஆட்டத்துல உடனே டபுள், அதை ஜெயிச்சா மேட்ச். கேமன் ஜெயிச்சா 6 ஆகும், இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிக்கணும். ரெண்டு வழியிலயும் இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, அப்ப பாதில பாதி, 25. கேமன் அடிச்சும் கிட்டத்தட்ட ஒரு லாபமும் இல்ல! இதை முதல் தடவை கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல, அந்த ஸ்கோர்ல எத்தனை தடவை கேமனுக்கு ஆசைப்பட்டு ஜெயிச்ச ஆட்டத்தைக் கோட்டை விட்டிருக்கேன்னு நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

இப்படி ஒவ்வொரு கட்டமா பின்னாலேர்ந்து நிரப்பிக்கிட்டே வரணும். கிட் வுல்ஸிங்கிற ஆட்டக்காரர் போட்ட பழைய டேபிள் ஹால் ஹைன்ரிக் சேத்து வச்சிருந்த நிஜ மேட்ச் பதிவுகளை ஆதாரமா வச்சது, இப்ப இருக்கிறது கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஆடி எடுத்தது, ரெண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலான இடத்துல ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். மனப்பாடம் வேண்டாம்னா ரிக் ஜனோவ்ஸ்கியோட சூத்திரம் இருக்கு: எத்தனை பாயிண்ட் முன்னிலையோ அதை 85ஆல பெருக்குங்க, பின்னாடி இருக்கிறவருக்கு இன்னும் எத்தனை வேணுமோ அதோட 6 கூட்டி அதால வகுங்க, வந்ததை 50ஓட கூட்டுங்க. உங்க கேஸ்ல 170ஐ 11ஆல வகுத்தா பதினஞ்சரை, அப்ப அறுபத்தஞ்சரை. மேஜையில உக்காந்துக்கிட்டு மனசுக்குள்ளயே போட்டுடலாம்.

ரோல்அவுட்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன மேடம்? கம்ப்யூட்டருக்கு எல்லா விடையும் தெரியாதா? — பள்ளி ஆசிரியை, மதுரை

தெரியாது டீச்சர். பலகையில வரக்கூடிய நிலைகளை எண்ணினா 1க்குப் பின்னாடி 19 சைபர் போட்டாலும் பத்தாது. ஆட்டம் முடியற கட்டத்துல மட்டும் முழுசா எண்ண முடியும், ஒருத்தரோட காய் எல்லாம் கடைசி 6 வீட்டுக்குள்ள வந்தாச்சுன்னா இருக்கிற விதம் 54,264தான், அதை எல்லாம் முன்கூட்டியே கணக்கு பண்ணி சேத்து வச்சிருப்பாங்க. மத்த இடத்துல எல்லாம் ரோல்அவுட். ஒரு நிலையை எடுத்துக்கிட்டு அங்கேருந்து ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டரே ஆடி முடிக்கும், மறுபடி அதே நிலையிலேர்ந்து வேற பகடை, மறுபடி, மறுபடி. கடைசியில எத்தனை தடவை ஜெயிச்சுது எத்தனை கேமன்னு எண்ணிப் பார்க்கிறது.

இந்த யோசனையே ஒரு நோயாளியோட படுக்கையிலேர்ந்து வந்ததுதான். 1946ல ஸ்டானிஸ்லாவ் உலாம்னு ஒரு கணித மேதை உடம்பு சரியில்லாம வீட்ல படுத்துக்கிட்டு தனியா சீட்டு ஆடிக்கிட்டிருந்தார், இந்த ஆட்டம் கைகூட எவ்வளவு வாய்ப்புன்னு சூத்திரம் போட்டுப் பார்த்து அலுத்துப்போய், நூறு தடவை ஆடிப்பார்த்து எண்ணிட்டா என்னன்னு தோணியிருக்கு. அதை ஜான் வான் நாய்மன்னு இன்னொரு கணித மேதைகிட்ட சொன்னார், அணுகுண்டு ஆராய்ச்சிக் கணக்குக்கு அது பயன்பட்டுச்சு, சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர் பேரையே வச்சு மான்டே கார்லோ முறைன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதே மான்டே கார்லோலதான் பேக்கமன் உலக சாம்பியன்ஷிப் வருஷா வருஷம் நடக்குதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பொருத்தம்.

குனு பேக்கமன்னு இலவச புரோகிராம் இருக்கு, எக்ஸ்ட்ரீம் கேமன்னு காசு குடுத்து வாங்கறதும் இருக்கு. ரெண்டுலயும் 1296னு ஒரு எண் அடிக்கடி கண்ணுல படும். அது 36ஐ 36ஆல பெருக்கினது. ரெண்டு பகடைக்கு 36 விதம், முதல் வீச்சுக்கு 36, பதில் வீச்சுக்கு 36, எல்லா ஜோடியும் சமமா ஒரு தடவை வர்ற மாதிரி பார்த்துப்பாங்க, அதனால ஆரம்பத்துலயே ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆறு ஆறா விழுந்து கணக்கு சாயாது. இதைவிட அழகான தந்திரம் அதிர்ஷ்டத்தைக் கழிக்கிறது. ஒவ்வொரு பகடை விழறப்பயும் புரோகிராம் என்ன பண்ணும்னா, விழக்கூடிய 21 விதத்துக்கும் (3-1ஐயும் 1-3ஐயும் ஒண்ணா எண்ணினா 36 விதம் 21 ஆகும்) சராசரி எவ்வளவு, விழுந்தது அதைவிட எவ்வளவு நல்லது எவ்வளவு மோசம்னு குறிச்சுக்கிட்டே வந்து கடைசியில மொத்த விடையிலேர்ந்து அதைக் கழிச்சிடும். வெயில்ல ஓடினவனையும் நிழல்ல ஓடினவனையும் ஒப்பிடறப்ப வெயிலுக்கு இத்தனை விநாடின்னு தள்ளிக் குடுக்கிற மாதிரி. இதனால சில நூறு ஆட்டத்துலயே பல்லாயிரம் ஆட்டத்தோட துல்லியம் கிடைச்சிடுது.

எத்தனை தடவை ஓட்டினா நம்பலாம்? நான் 100 தடவை கையாலயே பகடை போட்டுப் பார்த்தேன். — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, 100 தடவை கையால போட்டிருக்கீங்களே அந்தப் பொறுமைக்கு என் வணக்கம். உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு தர்றேன். கடைசியில ரெண்டே காய் பாக்கி, ஒரே வீச்சுல ரெண்டையும் எடுத்தாகணும், இல்லைன்னா தோல்வி. ரெண்டு காயும் சேந்து பகடைக் கணக்குல 7 புள்ளி தள்ளி இருக்கு. 6ம் வீட்ல ஒண்ணு 1ம் வீட்ல ஒண்ணுன்னா 36ல 15 வீச்சு ஜெயிக்கும். 5லயும் 2லயும் இருந்தா 19. 4லயும் 3லயும் இருந்தா 17. மூணுமே 7 புள்ளிதான், ஆனா வாய்ப்பு 41.7, 52.8, 47.2. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, சரியா வரும்.

இப்ப 100 தடவை போட்டா என்ன ஆகும்? 50 சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு வாய்ப்பை 100 தடவை சோதிச்சா விடை சாதாரணமாவே 5 இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், 10 வரைக்கும் கூட ஆடலாம். அப்ப 52.8 எது 47.2 எதுன்னு உங்களால பிரிக்கவே முடியாது, உங்க நோட்ல தலைகீழா கூட வந்திருக்கலாம், தப்பு உங்களோடது இல்ல. 1296 தடவைன்னா அந்தப் பிழை 1.4க்கு வரும், 10,000னா அரை சதவீதம். பிழையைப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு ஓட்டணும், பத்துல ஒண்ணா ஆக்கணும்னா நூறு மடங்கு. அதனாலதான் மேல சொன்ன அதிர்ஷ்டத்தைக் கழிக்கிற தந்திரத்துக்கு அவ்வளவு மதிப்பு. யாராவது "கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன் இதுதான் நல்ல ஆட்டம்"னு சொன்னா எத்தனை தடவை ஓட்டினீங்க, ரெண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு வந்துச்சுன்னு கேளுங்க. பிழையைவிட வித்தியாசம் சின்னதா இருந்தா அது விடையே இல்ல.

ஃபோன் ஆப் பகடையில ஏமாத்துது, எனக்கு மட்டும் டபுளே விழ மாட்டேங்குது. — ஈரோடு

எண்ணிப் பாருங்க, வேற வழியே இல்ல. டபுள் விழ ஆறுல ஒண்ணு. 360 வீச்சுல 60 வரணும், ஆனா 46லேர்ந்து 74 வரைக்கும் எது வந்தாலும் அது சாதாரணம்தான். உங்க வீச்சு, ஆப்போட வீச்சு ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, ஒரு வாரம் ஆகும். இன்னொண்ணு, நல்லா ஆடற புரோகிராம் தனக்கு எது விழுந்தாலும் உபயோகப்படற மாதிரி காயை வச்சுக்கும், அதனால அதுக்கு எப்பவும் "வேண்டியது விழற" மாதிரி தெரியும். அது பகடையோட வேலை இல்ல, காய் நிக்கிற இடத்தோட வேலை. அப்பவும் சந்தேகம் தீரலைன்னா குனு பேக்கமன்ல நீங்களே நிஜப் பகடையை உருட்டி எண்ணை டைப் பண்ணி ஆடலாம்.

7 பாயிண்ட் மேட்ச், எதிராளி 5 நான் 3. ரெண்டு பேர் காயும் தாண்டியாச்சு, இனி வெறும் ஓட்டம்தான், நான் பின்னாடி. அவர் டபுள் பண்ணார். எனக்கு 20 சதவீதம் இருக்கும்னு தோணுச்சு, 25க்கு கீழ இருந்தா விட்டுடணும்னு படிச்சிருக்கேன், விட்டுட்டேன். சரிதானே மேடம்? — சென்னை

சரியில்லங்க. ஆனா உங்க தப்பு ரொம்ப நல்ல தப்பு, நிறைய பேர் பண்றது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அந்த 25 எங்கேருந்து வருது? மேட்ச் இல்லாம பாயிண்ட்டுக்கு மட்டும் ஆடற ஆட்டத்துலேர்ந்து. விட்டா 1 போகும். ஏத்துக்கிட்டு 4 தடவை ஆடி 1 ஜெயிச்சு 3 தோத்தா 2 வந்து 6 போகும், மொத்தம் 4 நஷ்டம், 4 தடவை விட்டதுக்கும் அதே 4 நஷ்டம். அதனால நாலுல ஒண்ணு எல்லை. க்யூப் உங்க கையில இருக்கிற, அதாவது அடுத்து திருப்பற உரிமை உங்களுக்குங்கிற லாபத்தையும் சேத்தா எல்லை இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும், நீண்ட ஓட்டத்துல அவருக்கு ஓட வேண்டியது பகடைக் கணக்குல 100 புள்ளி பாக்கின்னா உங்களுக்கு 112 வரைக்கும் ஏத்துக்கலாம்னு ஒரு பழைய விதி கூட இருக்கு, அது சுமாரா 22 சதவீதம்.

ஆனா உங்க ஸ்கோர்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. விட்டா 6க்கு 3, அடுத்தது க்யூப் இல்லாத ஆட்டம், அங்கேருந்து நீங்க மேட்ச் ஜெயிக்க சுமார் 18 சதவீதம். ஏத்துக்கிட்டா க்யூப் 2, அவருக்கு அந்த 2 போதும், தோத்தா மேட்ச் போச்சு. எப்படியும் போகப்போற மேட்ச்தானே, அப்ப உங்க முறை வந்ததும் உடனே 4க்குத் திருப்பி வச்சுடுங்க, அதுல உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் நஷ்டம் இல்ல. இப்ப ஜெயிச்சா 3ம் 4ம் 7, மேட்ச் உங்களோடது. ஆக அந்த ஒரே ஆட்டம் மொத்த மேட்சா மாறிடுச்சு, உங்க 20 சதவீதம் 20 சதவீதமாவே நிக்குது, 18ஐ விட மேல. அதனால ஏத்துக்கணும். அவர் பக்கத்துலேர்ந்து பார்த்தா அவர் டபுள் பண்ணதுலயே யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கு, 5க்கு 3ல முன்னாடி இருக்கிறவர் க்யூபைத் தொடறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை விட்டுட்டா நான் பாதி பொய் சொன்ன மாதிரி ஆகிடும். இது நீண்ட ஓட்டம், அவரோட ஒரு வீச்சுல உங்க வாய்ப்பு 20லேர்ந்து 50ஐத் தாண்டி குதிக்காது. இதே 20 கடைசி வீச்சா இருந்தா கதை வேற. அவர் இந்த வீச்சுல 80 சதவீதம் முடிச்சிடுவார், முடிக்கலைன்னா நீங்க நிச்சயம் ஜெயிப்பீங்கன்னு வச்சுக்கோங்க. அவர் தவறவிட்டதும் நீங்க 4க்குத் திருப்புவீங்க, அவர் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவார், 5க்கு 5, உங்களுக்கு மேட்ச்ல பாதி வாய்ப்புதான். அப்ப உங்க 20 நிஜத்துல 10தான், 18ஐ விடக் கீழ, விட்டுடணும். அதே சதவீதம், அதே ஸ்கோர், விடை தலைகீழ். சிமுலேஷன்ல "20 சதவீதம்"னு வர்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாதுன்னு நான் கத்தறது இதுக்குதான், க்யூபோட சேத்து மேட்ச் ஸ்கோரையும் குடுத்து ரோல்அவுட் ஓட்டணும், புரோகிராம்ல அதுக்கு தனியா ஸ்கோர் போடற இடம் இருக்கு, நிறைய பேர் அதை மாத்தாமலே ஓட்டிட்டு வாதாட வந்துடறாங்க.

கம்ப்யூட்டர் உலக சாம்பியனையே ஜெயிச்சிடுச்சாமே, அப்ப அது சொல்றதெல்லாம் வேதம்தானா? — திருநெல்வேலி

ஜெயிச்சது நிஜம். 1979 ஜூலை, மான்டே கார்லோ, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் பெர்லினர் எழுதின பி.கே.ஜி 9.8ங்கிற புரோகிராம் அப்பத்தான் உலக சாம்பியனான லூயிஜி வில்லாவை 7க்கு 1ன்னு அடிச்சுது. ஆனா அப்புறம் ஆட்டத்தை அலசினப்ப வில்லாதான் நல்லா ஆடியிருக்கார், புரோகிராமுக்குப் பகடை நல்லா விழுந்திருக்குன்னு பெர்லினரே சொல்லிட்டார். அந்த மனுஷனோட அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு 7 பாயிண்ட் மேட்ச் எதையும் நிரூபிக்காது.

உண்மையான மாற்றம் 1990களோட ஆரம்பத்துல வந்துச்சு. ஐ.பி.எம் ஆராய்ச்சி மையத்துல ஜெரால்டு டெசாரோ டி.டி கேமன்னு ஒண்ணு செஞ்சார், அது தனக்குத்தானே ஆடி ஆடி தப்பைத் திருத்திக்கிட்டே கத்துக்கிட்டது, ஒரு கட்டத்துல 15 லட்சம் ஆட்டம் ஆடியிருந்துச்சு. ரெண்டு தடவை உலக சாம்பியனான பில் ராபர்ட்டியோட 40 ஆட்டம் ஆடி மொத்தமே 1 பாயிண்ட்ல தோத்துச்சு. மனுஷங்க ஆடற விதமும் மாறிடுச்சு. ஆரம்பத்துல 4-1 இல்ல 5-1 விழுந்தா தைரியமா 5ம் வீட்ல தனிக்காய் வைக்கிறதுதான் அப்பல்லாம் வழக்கம், அதைவிட பின்னாடி இருக்கிற ஜோடியைப் பிரிக்கிறது நல்லதுன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு, இன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்க.

ஆனா வேதம் இல்லங்க. ரோல்அவுட்ல ரெண்டு பக்கமும் ஆடறது அதே புரோகிராம். அதுக்கு ஒரு வகை நிலை சரியா ஆடத் தெரியலைன்னா, உதாரணத்துக்கு எதிராளி வீட்டுக்குள்ள ரெண்டு வீட்டைப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கிற பின்னாட்டம், நீங்க லட்சம் தடவை ஓட்டினாலும் விடை கோணலாத்தான் வரும். தராசு முள்ளே வளைஞ்சிருந்தா எத்தனை தடவை நிறுத்தாலும் அதே தப்பு எடைதான். தடவையைக் கூட்டினா பகடையால வர்ற பிழை குறையும், ஆடத் தெரியாததால வர்ற பிழை குறையாது. அதோட இன்னொண்ணு, புரோகிராம் "இங்க 60 சதவீதம்"னு சொன்னா அங்கேருந்து அது மாதிரி ஆடத் தெரிஞ்சவங்களுக்கு 60. சிக்கலான நிலைன்னா எனக்கு 50 கூட இருக்காது.

ரெண்டு பேர்ல ஒருத்தர் திறமைசாலின்னா அதைக் கணக்குல எப்படி சேக்கறது? — பெங்களூரு

1992ல ஆரம்பிச்ச ஃபிப்ஸ்ங்கிற இணைய சர்வர்ல ஒரு சூத்திரம் வச்சாங்க, எல்லாரும் 1500ல ஆரம்பிப்பாங்க, ரேட்டிங் வித்தியாசத்தை மேட்ச் நீளத்தோட வர்க்கமூலத்தால பெருக்கி அதை வச்சு வாய்ப்பு போடும். 200 ரேட்டிங் வித்தியாசம்னா 1 பாயிண்ட் மேட்ச்ல திறமைசாலிக்கு 56 சதவீதம்தான். 9 பாயிண்ட்னா 67. 25 பாயிண்ட்னா 76. பலவீனமானவர் பக்கம் இருக்கீங்கன்னா சின்ன மேட்ச் கேளுங்க.

80 சதவீதம்னு கம்ப்யூட்டர் சொன்ன நிலையில மூணு தடவை தோத்துட்டேன் அக்கா. இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? — ஷார்ஜா

மூணு தடவையும் தொடர்ந்து தோக்க 125ல ஒரு வாய்ப்பு இருக்கு தம்பி, வருஷம் முழுக்க ஆடறவருக்கு அது நடந்தே தீரும். வலிக்கும், எனக்குத் தெரியும். நான் என்ன பண்றேன்னா ஒரு நோட்டு வச்சிருக்கேன். க்யூப் முடிவு வர்றப்ப எல்லாம் என் மனசுக்குப் பட்ட சதவீதத்தை எழுதிடுவேன், வீட்டுக்கு வந்து ரோல்அவுட் ஓட்டி அதுக்குப் பக்கத்துல எழுதுவேன், ஜெயிச்சேனா தோத்தேனாங்கிறதை எழுதறதே இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா பின்னாடி இருக்கிறப்ப எல்லாம் நான் என் வாய்ப்பை ஏழெட்டு சதவீதம் குறைச்சு மதிப்பிட்டிருக்கேன், பயம். அது தெரிஞ்சது முதல் என் ஆட்டம் மாறிடுச்சு. நீங்களும் அந்த மூணு நிலையை எனக்கு அனுப்புங்க, 80 நிஜமாவே 80தானான்னு பார்ப்போம்.

இங்க துருக்கிக்காரங்க ஆடற தாவ்லால க்யூபே கிடையாதே, 5 பாயிண்ட்டுக்கு ஆடறாங்க. அதுக்கு டேபிள் இருக்கா? — துபாய்

நானும் இந்த ஆட்டத்தை அப்படித்தான் கத்துக்கிட்டேன், வளைகுடாவுல இருந்தப்ப எதிர் ஃப்ளாட்ல இருந்த ஒரு துருக்கி அம்மாகிட்ட. ஆறும் அஞ்சும் விழுந்தா அவங்க "ஷெஷ் பெஷ்"னு பாரசீக ஆறையும் துருக்கி அஞ்சையும் சேத்து கத்தற சத்தம் இன்னும் காதுல இருக்கு. கேமனுக்கு அங்க மார்ஸ்னு பேர், 2 பாயிண்ட். க்யூப் இல்லாததால பேக்கமன் டேபிள் அங்க பொருந்தவே பொருந்தாது, முன்னாடி இருக்கிறவர் வாய்ப்பு இன்னும் அதிகம். ஜெயிப்புல நாலுல ஒண்ணு மார்ஸ்னு வச்சு உங்களுக்காக போட்டேன்: 1-0ல முன்னாடி இருக்கிறவருக்கு 61 சதவீதம், 2-0ல 73, 2-1ல 63, 3-0ல 85, 3-1ல 77, 3-2ல 66, 4-0ல 94, 4-1ல 89, 4-2ல 82, 4-3ல 69. சமமா இருந்தா 50. உங்க மேஜையில மார்ஸ் அதிகமா விழுதுன்னா இந்த எண்ணெல்லாம் கொஞ்சம் 50 பக்கம் நகரும். ஒரு மாசம் எத்தனை ஆட்டத்துல எத்தனை மார்ஸ்னு எண்ணி அனுப்புங்க, அதை வச்சு உங்க மேஜைக்குன்னே தனி டேபிள் போட்டு அனுப்பறேன்.